ஆறடிக்கு ஒரு பெர்மிட்

'வேலையின் தன்மை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் திவாகரன் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எத்தனையோ வருடமாக அவன் நிரப்பி வரும் பாரம் அது. குழாய் பதிக்க, கேபிள் இழுக்க, வடிகால் வெட்ட என்று எதற்காக இருந்தாலும் சரி, எண்ணெய் முனையத்துக்குள் ஒரு சாண் ஆழம் மண்ணைக் கிளறுவதற்குக்கூட அந்தப் பெர்மிட் வேண்டும். நீளம், அகலம், ஆழம் எழுதும் இடங்களை முதலிலேயே நிரப்பிவிட்டான். ஏழடி, மூன்றடி, ஆறடி. அடியில் போகும் குழாய்கள் எவையும் இல்லை என்று வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டான். மேலே அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

காலை ஒன்பதரை மணி. அவனுடைய அப்பா அம்மாசி இறந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. விடியலில் எழுந்து குளித்துவிட்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, "பிஸ்கட் ரெண்டு குடும்மா" என்று மருமகள் ஷாமளாவிடம் கேட்டிருக்கிறார். அவள் தட்டோடு வருவதற்குள் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எழுபத்து நான்கு வயது. நோய் என்று ஒன்றும் பெரிதாக இல்லை.

மேலாளர் என்சிக் ரிட்சுவான் அறை வாசலில் வந்து நின்றார். திவாகரனின் தோளைத் தொட்டார். இருவரும் மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். 'ஐயா' என்ற பொருளில் அவரை அவன் என்சிக் என்பான்.

"நீ வீட்டுக்குப் போ, திவா. வேற யாராவது இதப் பார்த்துக்கட்டும்."

"பாதுகாப்பு அதிகாரி கையெழுத்து வேணும், என்சிக். இன்னொருத்தர் கோலாலம்பூர்ல கோர்ஸ்ல இருக்காரு. நான்தான் இருக்கேன்."

ரிட்சுவான் பாரத்தில் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தலைமை அலுவலகத்துல ஒத்துக்கிட்டாங்க. ஒப்பந்தத்துல இருக்கிற உரிமைதானே. ஆனா கப்பல் விஷயம்தான். நாலு மணிக்குத் தண்ணி ஏறும்போது பெட்ரோல் இறக்க ஆரம்பிக்கணும். தள்ளிப்போட முடியுமான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. மூன்றரைக்கு மேல அந்தப் பக்கம் ஒரு ஆளும் இருக்கக் கூடாது."

"தெரியும், என்சிக். அந்த ரூல் நான் எழுதினதுதான்."

அவர் போன பிறகு திவாகரன் அந்தக் கட்டத்தில் 'குழி தோண்டுதல்' என்று எழுதினான். பொய் இல்லை. கீழே தன் பெயரைப் போட்டு, நேரத்தைக் குறித்து, கையெழுத்திட்டான்.

*

வெளியாருக்கு அந்த எண்ணெய் முனையத்தின் பெயர் என்னவோ நீளமான ஒன்று. பாகான் ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு அது எப்போதும் தோம்புக் கம்பெனிதான். ஆற்று முகத்துவாரத்தில், சதுப்புக் காட்டை ஒட்டி, தோம்பு என்று ஜனங்கள் சொல்லும் மூன்றே மூன்று பெரிய எண்ணெய்த் தொட்டிகளோடும் ஒரு மரப் பாலத்தோடும் அது வந்தபோது திவாகரன் ஆரம்பப் பள்ளி முடித்திருந்தான். மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் ஊற்றுவதுதான் வியாபாரம். சின்னக் கப்பல் ஒன்று மாதத்துக்கு இரண்டு முறை வரும். கப்பலின் கயிற்றைப் பிடித்துக் கட்ட ஆட்கள் தேவைப்பட்டபோது, தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அம்மாசி முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்.

பிறகு மூன்று பத்தானது. பத்து முப்பதைத் தாண்டியது. மரப் பாலம் கப்பல்கள் வந்து நிற்கும் கான்கிரீட் ஜெத்தியாக மாறி, கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் நீண்டது. வடக்கே உள்ள பெட்ரோல் நிலையங்களுக்கெல்லாம் லோரிகள் இங்கிருந்தே கிளம்பின. ஒவ்வொரு முறை கம்பெனி பெரிதாகும்போதும் தோட்டத்தில் ஒரு நிரை மரம் காணாமல் போனது. ஏழாம் நம்பர் காடு போனது, எட்டு போனது, லயத்து வீடுகள் போயின, பால் கொட்டகை போனது. ஜனங்கள் மெர்போக்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோனார்கள். அம்மாசிக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் திவாகரனுக்குத் தெரியவில்லை. ஜெத்தியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு முப்பதாவது தோம்புக்கு மூடி போட்டுட்டாங்கடா" என்று ஏதோ தன் வீட்டுக்குக் கூரை போட்டதைப் போலச் சொல்வார். மகனைக் கம்பெனியில் சேர்க்க மேலாளர் வந்து இறங்கும் காடிக்குப் பக்கத்தில் மூன்று நாள் காத்து நின்றவரும் அவர்தான். "எம்மவன் கயிறு புடிக்கக் கூடாது துவான். படிச்சிருக்கான். பேனா புடிக்கிற வேல குடுங்க."

எட்டு வருடத்துக்கு முன் கம்பெனி தோட்டத்தின் மிச்சத்தையும் வாங்கியபோது தோட்டத்து இடுகாடும் வேலிக்குள் வந்துவிட்டது. முப்பத்தொன்றாவது தோம்புக்கும் குழாய்ப் பாதைக்கும் நடுவே நாற்பது ஐம்பது சமாதிகள். அவற்றைப் பெயர்ப்பதில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. கணவனோ மனைவியோ அங்கே இருந்தால் மற்றவரையும் பக்கத்தில் வைக்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தது. வருடத்துக்கு இரண்டு முறை, முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, கைப்பேசியையும் தீப்பெட்டியையும் வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே வரலாம். நெருப்பு மட்டும் கூடாது. விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் ஏற்றக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் கேட்ட பிறகு யாரும் அங்கே புதைக்க வரவில்லை. எல்லாரும் பட்டணத்து மின்சுடலைக்கே போனார்கள். அம்மாசி மட்டும் மகளிடம் சொல்லி வைத்திருந்தார்: "என்ன எரிச்சிராதீங்க. உங்கம்மா பக்கத்துல வச்சிருங்க."

*

குழி தோண்டும் இடத்துக்குத் திவாகரன் வாயுக் கசிவைக் காட்டும் வாயுமானியோடு போனான். உதவிக்கு ராம் வந்தான். அவன் தீயணைப்புப் பிரிவில் தொழில்நுட்பர், திவாகரனிடம் பத்து வருடமாக வேலை செய்பவன். இயந்திரம் கூடாது என்பதால் நான்கு வங்காளதேசத் தொழிலாளிகள் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே சிவப்பு மண், கீழே போகப் போகச் சாம்பல் நிறச் சேறு. நாலடியிலேயே நீர் கசிய ஆரம்பித்திருந்தது.

திவாகரன் மண்டியிட்டு, வாயுமானியின் குழாயைக் குழிக்குள் இறக்கினான். எண்கள் ஓடி, பூஜ்யத்தில் நின்றன. இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தான். பாரத்தில் குறித்துக்கொண்டான்.

பக்கத்திலேயே அம்மாவின் சமாதி. வெள்ளை ஓடு பதித்தது. 'காளியம்மா அம்மாசி' என்ற எழுத்துகளில் கறுப்பு மை பாதி போயிருந்தது.

"அண்ணே, நீங்க போங்கண்ணே. நான் பார்த்துக்கிறேன்லா," என்றான் ராம்.

"ஆழம் முடிஞ்சதும் இன்னொரு தடவ பார்க்கணும்."

"நான் பார்க்கிறேன்."

மூன்று வருடத்துக்கு முன் இதே இடத்தில்தான் அது நடந்தது. அம்மாவின் திதியை ஒட்டி வந்த அனுமதி நாள். லேசாகத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அம்மாசி குடையை விரித்துச் சமாதியின் தலைமாட்டில் சாய்த்து வைத்து, அதன் மறைவில் குனிந்திருந்தார். மற்ற குடும்பங்களோடு நின்றிருந்த திவாகரனுக்கு முதலில் வாசனைதான் வந்தது. ஓடிப்போய்க் குடையை விலக்கினான். வெற்றிலை மேல் சின்னதாக ஒரு கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அப்பா லைட்டரை இடுப்புக் கைலியின் மடிப்பில் கொண்டு வந்திருக்கிறார். திவாகரன் பூட்ஸ் காலால் அதை மிதித்து அணைத்தான். நூற்றிருபது அடி தள்ளி இருந்த முப்பத்தொன்றாவது தோம்பில் அன்று காலையிலிருந்து பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். கேமராவும் பார்த்தது. அவன் அறிக்கை எழுதினான். எழுதாமல் இருக்க முடியாது. நெருப்புக் கொண்டு வந்தவருக்கு உள்ளே வரத் தடை. அப்பாவை அலுவலகத்தில் உட்கார வைத்து மலாயில் வாசித்துக் காட்டினார்கள். அவர் கேட்டுவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது காடியில் அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தாமான் முனை வந்தபோது கேட்டார்: "அந்தத் தோம்பு எத்தன அடிடா தள்ளி இருக்கு?"

"நூத்தி இருபது, பா."

"கிட்டத்தான்," என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கற்பூரத்தைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. திதி வந்தால் பூவை வாங்கிப் பொட்டலமாகக் கட்டி அக்காவிடம் கொடுத்துவிடுவார்.

*

திவாகரன் வீட்டுக்கு வந்தபோது கூடாரம் போட்டிருந்தார்கள். பாடாங் செராயிலிருந்து அக்கா பிரேமாவதி வந்து சேர்ந்திருந்தாள். அங்கே தமிழ்ப்பள்ளி சிற்றுண்டிச் சாலையை நடத்துகிறவள். அழுது முடித்து, முகம் கழுவி, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து வேலைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் காசு வைத்திருந்தது. கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

"எல்லாம் கெடச்சிருச்சா?" என்றாள்.

"கெடச்சிருச்சு, க்கா. ரெண்டுக்குள்ள எடுத்தாகணும். மூன்றரைக்கு எல்லாரும் வெளிய வந்துரணும்."

"அவரு என்ன லோரியாடா, டைம் போட்டு ஏத்தி அனுப்ப?"

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "நெருப்பு?"

"கூடாது, க்கா."

"ஒரு கற்பூரம்? ஒரே ஒரு கட்டி?"

"கப்பல் நிக்குது. பெட்ரோல். இன்னிக்கு என்னைக்கும்விட மோசம்."

"செத்த மனுசனுக்கு நெருப்புக் காட்டாம குழியில போடச் சொல்றியா?"

கூடாரத்தில் உட்கார்ந்திருந்த ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். காரியம் செய்ய வந்திருந்த பண்டாரம் பரஞ்சோதி, தர்ப்பையைப் பிரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார். "நெருப்புச் சம்பந்தப்பட்டது எல்லாத்தையும் இங்கேயே முடிச்சிருவோம், தாயி. பேரப்புள்ளைங்க நெய்ப்பந்தம் இங்க புடிக்கட்டும். சட்டி வாசல் வரைக்கும் வரட்டும். கம்பெனி கேட்டுக்கு வெளிய வச்சுக் கும்புட்டுட்டு, அதுக்கப்புறம் தண்ணியும் மண்ணும் மட்டும். மண்ணுக்குள்ள போறவருக்கு மண்ணு போதும்."

பிரேமாவதி அப்பாவின் வேட்டி மடிப்பைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரி செய்தாள்.

"உள்ள நானும் வர்றேன். பொம்பளைங்க வரக் கூடாதுன்னு யாரும் சொல்லக் கூடாது," என்றாள். "மூணு வருசமா அவரு பூவ நான்தான் கொண்டுட்டுப் போயி வச்சேன். எங்க வைக்கணும், எப்படி வைக்கணும்னு சொல்லி அனுப்புவாரு. வந்ததும் கேப்பாரு, பக்கத்துல எடம் இன்னும் காலியா இருக்கா, கொழாய் கிழாய் போட்டுட்டாங்களான்னு."

திவாகரனிடம் அவர் அதைக் கேட்டதே இல்லை. தினமும் அந்த இடத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவன் அவன்தான்.

அவன் உள்ளே போய்ப் பெயர்ப் பட்டியலைக் கொண்டு வந்தான். பதினேழு பேர். கடைசியில் அக்காவின் பெயரையும் ஐசி எனும் அடையாள அட்டையின் எண்ணையும் எழுதிக்கொண்டான்.

*

பிணவண்டி இரண்டாம் வாசலுக்கு வந்தபோது மணி இரண்டு இருபது. சாலை ஓரத்தில், வேலிக்கு வெளியே, பரஞ்சோதி நெருப்புச் சட்டியை இறக்கி வைக்கச் சொன்னார். எல்லாரும் ஒரு முறை கும்பிட்டார்கள். ராம் இரண்டு வாளித் தண்ணீரோடு தயாராக நின்று, அவர் தலையசைத்ததும் அதை அணைத்தான். புகை போய் முடியும் வரை காத்திருந்தார்கள்.

காவல் சாவடியில் ரோஸ்மினா என்ற பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். விதிப்படி நடப்பவர். திவாகரனிடம் பயிற்சி எடுத்தவர். ஒவ்வொருவரின் ஐசியையும் கணினியில் தட்டி, அடையாள வில்லையைக் கொடுத்து, கைப்பேசியை வாங்கிக் கூடையில் போட்டார். பதினெட்டுப் பேரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டார்கள். வெள்ளை வேட்டிக்கு மேல் மஞ்சள் சட்டை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு திவாகரனைப் பார்த்தார்.

"துவான், உள்ள இருக்கிறவரையும் பதியணும், இல்லையா?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். "வண்டியில படுத்திருந்தாலும், உக்காந்திருந்தாலும்..."

அதுவும் அவன் எழுதியதுதான். காயம்பட்ட தொழிலாளி ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போய், ஆள் கணக்கு விட்டுப்போன ஒரு நாளுக்குப் பிறகு எழுதிய விதி. திவாகரன் தலையசைத்தான். போலீஸ் கொடுத்த அடக்கப் பெர்மிட்டை நீட்டினான். ரோஸ்மினா அதிலிருந்த எண்ணைத் தட்டினார்.

திரை சிவப்பானது.

அவர் சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் ஐசியைத் திரும்ப வாங்குவதற்காகச் சாவடி சன்னலில் நின்ற பிரேமாவதி அதற்குள் பார்த்துவிட்டாள். அம்மாசியின் படம். ஜெத்தியில் வேலை செய்தபோது எடுத்தது. அதன் கீழே, 'அனுமதி இல்லை'. அதற்கும் கீழே, புகார் கொடுத்தவர் என்ற இடத்தில், தம்பியின் பெயர்.

"இன்னும் இருக்கா?" என்றாள் பிரேமாவதி. "ஒரு வருசந்தானேடா சொன்னாங்க? அதுக்கப்புறம் அவரா வரலைன்னு நெனச்சிருந்தேன்."

ஒரு வருடம்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் தடைப் பட்டியல் அவன் மேசைக்கு வரும். தொடரலாமா, நீக்கலாமா என்று பெயருக்குப் பெயர் குறித்து அனுப்ப வேண்டும். முதல் டிசம்பரில் பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள், லோரி ஓட்டுநர்கள், அப்பா. சொந்த அப்பாவின் பெயரை மட்டும் எடுத்தால் என்ன பேசுவார்கள் என்று நினைத்து, எல்லாப் பெயருக்கும் நேரே 'தொடரலாம்' என்று குறித்தான். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டான். அந்தத் தை மாதத்தில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார்: "இந்த வருசம் உள்ள போற லிஸ்ட்டுல நம்ம பேரு வருமாடா?" "பாக்கலாம், பா," என்றான் அவன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அடுத்த டிசம்பரும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவன் யோசித்தது முதல் முறை மட்டும்தான். பிறகு கை தானாகவே குறித்தது. அப்பா மறுபடி கேட்கவே இல்லை.

"துவான்..." என்றார் ரோஸ்மினா. அவர் கை விசைப்பலகைக்கு மேல் அப்படியே நின்றது. "நான் பதியாம விட்டுர்றேன். யாருக்கும் தெரியாது."

"வேணாம்."

திவாகரன் சாவடிக்குள் போனான். குனிந்து தன் அடையாள எண்ணைத் தட்டினான். மேலாளரை அழைத்தான். அவர் தன் அறையிலிருந்தே ஒப்புதல் கொடுத்தார். 'நீக்குவதற்கான காரணம்' என்று கணினி கேட்டது. பட்டியல் விரிந்தது. தண்டனைக் காலம் முடிந்தது. புகார் தவறானது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. பிற. அவன் சுட்டியை ஒவ்வொன்றின் மீதும் கொண்டு போனான். பின்னால் வண்டியின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் 'தண்டனைக் காலம் முடிந்தது' என்பதைத் தேர்ந்தெடுத்தான்.

திரை பச்சையானது. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிரேமாவதி திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் தன் ஐசியை முந்தானையில் முடிந்துகொண்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். தலைக்கவசத்தின் வாரைக் கட்டத் தெரியாமல் தடுமாறினாள். அவன் கிட்டே போய்க் கட்டிவிட்டான். அவள் தாடையைத் தூக்கிக் கொடுத்தாள். கண்ணைப் பார்க்கவில்லை.

*

குழியில் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துப் போட்டு, அடியில் காய்ந்த மணல் பரப்பியிருந்தான் ராம். சொல்லாமலே செய்தது. பாரத்தில் இரண்டாவது வாயுச் சோதனையின் எண்களும் இருந்தன.

முப்பத்தொன்றாவது தோம்பின் நிழல் சமாதிகளின் மேல் பாதி விழுந்திருந்தது. அதற்கு அப்பால் ஜெத்தியில் கப்பல் கட்டியிருந்தது. மேலே சிவப்புக் கொடி. அதன் கயிறுகளைப் பிடித்துக் கட்டியவர்களில் இரண்டு பேர் அம்மாசியிடம் வேலை கற்றவர்கள். இறங்கி வர அனுமதி இல்லை. ஜெத்தி முனையில் நின்றபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் வாய்க்கரிசி போட்டார்கள். திவாகரன் நீர்க்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வந்தான். பரஞ்சோதி ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் ஓட்டை போட்டார். தண்ணீர் முதுகில் வழிந்து வேட்டியை நனைத்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தான். சத்தம் தோம்பில் மோதித் திரும்பி வந்தது.

"இறக்கலாமா?" என்றார் பரஞ்சோதி.

"ஒரு நிமிசம் இருங்க," என்றாள் பிரேமாவதி.

அவள் கையிலிருந்த தட்டில் வெற்றிலையை வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து அதன் மேல் வைத்தாள். எல்லாரும் திவாகரனைப் பார்த்தார்கள். ராம் ஓரடி முன்னால் வந்து நின்றுகொண்டான். திவாகரன் அசையவில்லை. அவளிடம் தீப்பெட்டி இருக்காது என்று அவனுக்குத் தெரியும். சோதித்து அனுப்பியது அவனுடைய வாசல்.

அவள் பற்ற வைக்காத கற்பூரத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே தூக்கி, நிதானமாக மூன்று முறை சுற்றிக் காட்டினாள். பிறகு காலடியில். பிறகு திரும்பி, அம்மாவின் சமாதிக்கும் காட்டினாள். தட்டை மற்றவர்களிடம் நீட்டினாள். ஒவ்வொருவரும் எரியாத கற்பூரத்தின் மேல் கையைக் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். திவாகரனிடம் வந்தபோது தட்டை நிறுத்திப் பிடித்தாள். அவன் ஒற்றிக்கொண்டான். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"இப்ப இறக்குங்க," என்றாள்.

கயிற்றைப் பிடித்து இறக்கினார்கள். திவாகரனுக்குத் தலைமாட்டுக் கயிறு. முதல் மூன்று கைப்பிடி மண்ணை அவன் தள்ளினான். பிறகு அக்கா. அதன் பிறகு மண்வெட்டிகள் வேகமாக இயங்கின. மண் தீர்ந்து மேடு கட்டி முடித்தபோது மணி மூன்று பத்து. தூரத்தில் சைரன் ஒரு முறை விட்டு விட்டு ஒலித்தது. இன்னும் இருபது நிமிடத்தில் பகுதியைக் காலி செய்ய வேண்டும் என்ற எச்சரிக்கை.

ஆட்கள் வண்டியில் ஏறத் தொடங்கினார்கள். பரஞ்சோதி திவாகரனின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காரியம் செஞ்ச புள்ள நீங்க. மண்ணு தள்ளின ஒடம்போட வாசலத் தாண்டக் கூடாது, தம்பி. எங்கயாச்சும் ஒரு கொழாய் இருந்தா தலையில ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வந்துருங்க."

"இங்க கொழாய் இல்லண்ணே. எல்லாம் எண்ணெய்க் கொழாய்தான்."

"ஒரு வாளித் தண்ணிகூட இல்லியா?"

ராம் வாளிகளைப் பார்த்தான். எல்லாம் சேறாக இருந்தன. ஆபீஸ் கழிப்பறை அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போய் வர நேரம் இல்லை. பிரேமாவதி வண்டியின் படியில் ஒரு காலை வைத்தபடி காத்திருந்தாள்.

திவாகரன் குழாய்ப் பாதையை நோக்கி நடந்தான். அங்கே பச்சை வண்ணம் அடித்த ஒரு கம்பம் இருந்தது. மேலே அகலமான பூவாளித் தலை. பக்கத்தில் தொங்கும் முக்கோணக் கைப்பிடி. உடம்பில் எண்ணெயோ ரசாயனமோ தெறித்தால் ஓடி வந்து நிற்பதற்கான அவசர நீர்த்தூம்பு அது. 'ஆபத்துக்கு மட்டும்' என்று நான்கு மொழிகளில் பலகை மாட்டியிருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தான். அடியில் நின்று கைப்பிடியை இழுத்தான்.

தண்ணீர் ஒரு சுவர் இடிந்ததைப் போல அவன் மேல் விழுந்தது. மூச்சு முட்டியது. தலையைக் குனிந்துகொண்டான். தோளிலிருந்த மண் வேட்டியில் வழிந்து, காலடிச் சரளைக்கல்லில் சிவப்பாக ஓடி, வடிகாலில் இறங்கியது.

ராமின் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவசரக் குரல். நீர்த்தூம்பைத் திறந்ததும் அங்கே மணி அடிக்கும்.

"ஷவர் நாலு ஓடுது. ஷவர் நாலு. அங்க யாரு? யாருக்காவது அடிபட்டிருச்சா?"

ராம் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டு போனான். திவாகரனைப் பார்த்தான். கையை இறக்கினான்.

"அங்க யாருக்கு அடிபட்டிருச்சு? பதில் சொல்லுங்க."

பிரேமாவதி படியிலிருந்து இறங்கி வந்தாள். தண்ணீர் தெறிக்கும் தூரத்துக்குச் சற்று வெளியே, அவன் கழற்றி வைத்த தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். திவாகரன் கைப்பிடியை விடவில்லை.